குடையை எடுத்த பிறகு சொன்ன சொல்

இந்த ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நீங்கள் பார்க்கப்போவது எழுத்து வேலை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சில வாரங்கள் மட்டும் மனுஷ வேலை. எழுத்து வேலைக்கு விதிகள் உண்டு. தெரியாவிட்டால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். மனுஷ வேலைக்குக் காதுதான் வேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. கடிதங்களைப் பிரதி எடுத்து எடுத்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டு ரைட்டர், அதாவது குமாஸ்தா, ஆனவன். ஆனால் ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு ருசி. ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கூட எனக்கு இரண்டாம்பட்சம்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. நம் பக்கத்து ஜனங்கள் எதற்கும் துணிந்தவர்கள். முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்ல மட்டும் மாட்டார்கள். "பாப்போம்" என்பார்கள். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்பார்கள். "அதுக்கென்ன" என்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு அப்பள வியாபாரி "ஆகட்டும்" என்று ஒருமுறை சொன்னால் காரியம் ஆகும். "ஆகட்டும், ஆகட்டும்" என்று இரண்டுமுறை சொன்னால் நாம் வேறு கடை பார்க்க வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒரு வருஷம் ஒரு பெண்ணின் படிப்பு எங்கள் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாவது ரைட்டர். எனக்கு மேலே பெரிய ரைட்டர் ஒருவர். எல்லாருக்கும் மேலே மிஸ்ஸியம்மாள். சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரர், நல்ல மனசுக்காரர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். இலக்கணம் பிசகாமல் பேசுவார். எதிரில் நிற்பவர் இலக்கணப்படி பேசவில்லையே என்பது மட்டுமே அவருக்குக் குறை.

மெட்ரிகுலேஷன் தேறிய பெண்களுக்கு மேல்வகுப்பு ஒன்றை அங்கே புதிதாக ஆரம்பித்திருந்தோம். அதில் பயிற்சி முடித்தால் பெரிய பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயினி ஆகலாம். இடமோ கொஞ்சம். நாகர்கோவில் தொடங்கி எங்கெங்கிருந்தோ மனு வரும். இடம் கொடுத்த பெண் வரவில்லையென்று சொன்னால், காத்திருப்பவர்களில் முதலில் நிற்பவளைக் கூப்பிடுவோம். அந்த வருஷம் முதலில் நின்றவள் அன்னம்மாள்.

அவளுடைய அண்ணன் மாசிலாமணி பாபநாசத்துப் பஞ்சாலையில் வேலை பார்ப்பவன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை மெட்ரிக் வரைக்கும் கொண்டுவந்தவன் அவன்தான். ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, இருவரும் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாசிலாமணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"தோத்திரம் அண்ணாச்சி. எடம் ஏதும் உண்டா?"

"இல்லையே தம்பி. உன் தங்கச்சிதான் முதல்ல நிக்கா. ஆனா எல்லாரும் வாரோம்னுட்டாங்க."

அவன் முகம் சுண்டிப் போயிற்று. மதுரையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் அன்னம்மாளுக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னான். அங்கே கீழ்வகுப்பு மட்டும்தான். படித்து முடித்ததும் அவர்கள் காட்டுகிற கிராமத்தில் பல வருஷம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் போய்ச் சேராவிட்டால் அந்த இடமும் போய்விடும்.

"இங்க உண்டும்னா அங்க எழுதவே மாட்டோம். பிள்ளை இந்த மேல்வகுப்பு மேலதான் நெனப்பா இருக்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

இந்த ஒரு வார்த்தையைத்தான், தம்பிமார்களே, உங்களிடமும் கேட்பார்கள். கேட்கிற முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடத் தோன்றும். நான் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

"இன்னைக்கு எடம் இல்ல தம்பி. மதுரையை விட்டுராத."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "அப்ப சரி. மதுரைக்கே எழுதிருதோம்" என்று சொல்லி, சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வாசலில் திரும்பிக் கும்பிட்டான். "அப்ப வாரேன் அண்ணாச்சி."

நானும், "சரி, வா" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, எனக்குச் சுருக்கென்றது. இவன் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். ஆனாலும் "வாரேன்" என்கிறான். நானும் "வா" என்கிறேன். இதில் பொய்யும் இல்லை, சத்தியமும் இல்லை. போகிறேன் என்று வாயால் சொல்லக்கூடாது என்பதற்காக நாம் எல்லாரும் சொல்லுகிற வார்த்தை அது. முந்தின வாரம் மிஸ்ஸியம்மாளின் அறையிலிருந்து வெளியே போனாரே, முறப்பநாட்டு ஞானமுத்து நாடார், அவரும் அம்மாளிடம் ஒரு "வாரோம்" சொல்லியிருப்பார்; அது எந்த வாரோம்?

அவர் மகள் எஸ்தருக்கு மேல்வகுப்பில் முதல் இடம் கொடுத்திருந்தோம். தகப்பனார் வந்து மிஸ்ஸியம்மாளைப் பார்த்தார். அவர் போனதும் அம்மாள் சந்தோஷமாக வெளியே வந்து, "எஸ்தர் வருகிறாள், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டோம்.

எழுந்து ஓடிப்போய் மாசிலாமணியைத் தெருவில் நிறுத்தினேன். மனசில் பட்டதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அதற்குள் பெரிய ரைட்டர் வாசலுக்கே வந்துவிட்டார். நான் ஓடின ஓட்டத்திலேயே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

"என்னவே, காலு தரையில பாவல?"

அவரை ஒதுக்கிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உமக்குத் தோணினது உம்மகிட்டயே இருக்கட்டும். அதை அவன் தலையில வச்சு அனுப்பிராதீரும். நீரு நெனச்சது தப்புன்னா, அந்தப் பிள்ளைக்கு மதுரையும் போச்சு, இங்கயும் போச்சு. அப்ப நீரா ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் குடுப்பீரு?"

அவர் சொன்னது நியாயம். திரும்பிவந்து மாசிலாமணியிடம் இவ்வளவுதான் கேட்டேன்: "மதுரைக்கு எப்ப தபால் போடப் போற?"

"இப்பவே போட்டுருவோம்னு பாக்கேன்."

"நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல மெயில் வண்டிக்குப் போட்டாலும் திங்கக்கிழமைக்குப் போயிரும். அதுவரைக்கும் சட்டைப் பையில வச்சிரு. போடுததுக்கு முன்னால பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போ. எடம் உண்டும்னு நான் சொல்லல. வண்டிக்கு நேரமாயிட்டுன்னா, காத்து நிக்காம தபாலப் போட்டுரு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சரி என்றான்.

பிறகு மிஸ்ஸியம்மாளிடம் போனேன். ஞானமுத்து நாடார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'வாரோம்' என்றார். 'வருகிறோம்' என்பதன் கொச்சை. தன்மைப் பன்மை. தகப்பனும் மகளும் சேர்ந்து வருவார்கள் என்று அர்த்தம்" என்றார் அம்மாள்.

"உட்கார்ந்துகொண்டு சொன்னாரா அம்மா, நின்றுகொண்டா?"

"நின்றுகொண்டு."

"குடையை எடுக்கிறதற்கு முந்தியா, எடுத்த பிறகா?"

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். யோசித்தார். "குடை அவர் கையில் இருந்தது. கதவண்டை நின்றார். கும்பிட்டார்." அவருடைய வெள்ளை முகம் மெதுவாகச் சிவந்தது. "ரைட்டர், என் சமையற்காரனும் தினந்தோறும் ராத்திரி 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். எட்டு வருஷமாகக் கேட்கிறேன்."

ஆனால் புரிந்துகொண்ட மறுநிமிஷமே அவர் திடமாகச் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஒரு குடையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுக்க மாட்டேன். எஸ்தர் உண்மையிலேயே வரலாம். நீர் போய்த் தெரிந்துகொண்டு வாரும்."

மறுநாள் விடியற்காலையில் மாட்டுவண்டி பிடித்து முறப்பநாட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. போனதும் "உங்கள் மகள் வருகிறாளா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அதுக்கென்ன, பாப்போம்" என்று வரும். அதைக் கேட்பதற்கு வண்டிக்கூலி எதற்கு?

ஞானமுத்து நாடார் கருப்பட்டி வியாபாரி. ஆற்றங்கரைத் தெருவில் வீடு. என்னைக் கண்டதும் அவருக்கு முகம் ஒரு நிமிஷம் வெளிறி, பிறகு வழக்கத்துக்கு மேலேயே மலர்ந்தது. பதநீர் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் வரத்து, கருப்பட்டி விலை, யாருடைய மாட்டுக்கோ வந்த கோமாரி என்று பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. படிப்புப் பக்கம் மட்டும் வரவில்லை. நானும் இழுக்கவில்லை. உள்ளே எண்ணெய்ச் சட்டி காயும் வாசனை. நாடாரின் சம்சாரம் முறுக்கும் தட்டையும் சுட்டுத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"பலகாரம் பெருசால்லா நடக்கு தாயி?" என்றேன்.

"பிள்ளைக்கு வழியில திங்க வேண்டாமா அண்ணாச்சி? ஒரு ராவும் பகலும் ரயில்லா?" என்றது அந்த அம்மா, சட்டியைப் பார்த்தபடியே.

முறப்பநாட்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாட்டுவண்டியில் வந்தால் மடியில் கட்டின நாலு முறுக்கு தீருவதற்குள் வந்துவிடலாம். நான் நாடாரைப் பார்த்தேன். நாடார் கூரையைப் பார்த்தார்.

"பெட்டி எந்த ஊருக்குக் கட்டுதீங்க அண்ணாச்சி?" என்று பையக் கேட்டேன்.

"மெட்ராஸுக்கு" என்றார், கூரையிடம். "வைத்தியப் படிப்புக்கு எடம் வந்துட்டு."

"மிஸ்ஸியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சொல்லாம என்ன? அன்னைக்கே சொன்னேன்லா! பிள்ளையை அனுப்புவீரான்னு கேட்டாவ. 'தாய்க்கு மேலுக்குச் சொகமில்ல'ன்னேன். 'பாப்போம்'னேன். ரெண்டு தடவ தலையச் சொறிஞ்சேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிவே சொல்லுவான்? அம்மா சிரிச்சாவ. சரி, வெளங்கிட்டு, கோவம் இல்லன்னு நெனச்சு, குடையை எடுத்துக்கிட்டு வாரோம்மான்னு கும்பிட்டு வந்தேன்."

"அந்த வாரோம்தான் அண்ணாச்சி அங்கன உங்க பிள்ளைக்குப் பாய் விரிச்சு வச்சிருக்கு."

அவர் வாயைப் பிளந்தார். உள்ளே அவர் சம்சாரம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றது. அன்னம்மாளைப் பற்றியும் மதுரைத் தபாலைப் பற்றியும் சொன்னேன். நாடார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டப்ப ராப்பகலா பக்கத்துல இருந்து பாத்தவிய அந்த அம்மா. அவிய மூஞ்சியப் பாத்து வரமாட்டோம்னு எந்த வாயால சொல்ல?"

"வாயால வேண்டாம். கையால எழுதிக் குடுங்க."

எழுதினார். வாங்கிப் பார்த்தேன். ஸ்தோத்திரம், க்ஷேமம், நன்றி எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசியில், "மகளை அனுப்புவது சம்பந்தமாக, கர்த்தருக்குச் சித்தமானால் பார்ப்போம்" என்று இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சம்சாரம் அதைப் பிடுங்கி என்னிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பிறகு புருஷனைப் பார்த்து, "இன்னுமா பாக்கீரு?" என்றது. இரண்டாம் தாளில் இடம் வேண்டாம் என்று விளங்க எழுதினார்.

திரும்புகிற வழியில் எனக்கென்றே வந்தமாதிரி வண்டிச் சக்கரம் ஒன்று மணலில் புதைந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மாசிலாமணி ஒரு பெண்ணுடன் வாசலைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தான். மெலிந்து, உயரமாக, கையில் அண்ணனுடைய குடையை வைத்திருந்தாள்.

"எம்புட்டு நேரம் அண்ணாச்சி நிக்க? மெயில் வண்டி உங்களுக்காகவா நிக்கும்?" என்றான் அவன். சட்டைப் பையில் தபால் துருத்திக்கொண்டிருந்தது.

மடியில் நாடாரின் தாள் இருந்தது. இருந்தும் இடம் உனக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை.

"எடம் ஒண்ணு காலியாயிருக்கு. யாருக்குன்னு அம்மாதான் சொல்லணும். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு, உள்ள வா."

மிஸ்ஸியம்மாள் தாளை வாசித்தார். பெரிய ரைட்டரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். பிறகு அன்னம்மாளை நோக்கி, "இந்த இடத்தை உமக்குத் தருகிறோம். மதுரையிலும் உமக்கு இடம் இருக்கிறது என்று அறிகிறேன். எதை எடுத்துக்கொள்ளுகிறீர்?" என்றார்.

மாசிலாமணி உடனே வாயைத் திறந்தான். அன்னம்மாள் அவன் கையைத் தொட்டாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றாள். "மதுரையில என்னை முதல்லயே கூப்பிட்டாங்க. நீங்க வேற ஒருத்தி வரலன்னதும் கூப்பிடுதீங்க. இங்க வந்தா, எல்லாருக்கும் கடைசியா வந்தவளுன்னு என்னை வச்சிருப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். காத்திருந்து கிடைத்த இடம் என்றால் அந்த நினைப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். வாங்கிக்கொண்டவர்களும் அதை விழுங்கிக்கொண்டுதான் வாங்கியிருப்பார்கள்.

மிஸ்ஸியம்மாள் அவசரப்படவில்லை. "வகுப்பு திறக்கிற நாள் வரைக்கும் முதல், கடைசி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். திறந்த பிறகு மறந்துவிடுவேன். என் மறதிக்கு இந்த இரண்டு ரைட்டர்களும் சாட்சி" என்றார்.

பெரிய ரைட்டர், "அது உள்ளதுதான்" என்றார். அந்த அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அன்னம்மாளுக்கும்தான்.

"இங்கயே படிக்கேன்" என்றாள்.

மாசிலாமணி பையிலிருந்த தபாலை எடுத்துக் கிழிக்கப் போனான். "இரு அண்ணே. அங்கயும் ஒருத்தி என்னய மாதிரி நின்னுக்கிட்டு இருப்பா" என்றாள் அன்னம்மாள். என் மேஜையில் தாள் வாங்கி நின்றபடியே எழுதினாள். வணக்கத்துக்கும் முந்தி, முதல் வரியிலேயே, "நான் வரவில்லை; என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று இருந்தது. அதன் பிறகுதான் நன்றியெல்லாம். அந்தத் தாளைத்தான் அன்றைக்கு மெயில் வண்டியில் போட்டார்கள்.

தம்பிமார்களே, உங்களிடம் வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு இரண்டு இடம் கிடைத்தால், வேண்டாத இடத்துக்கு இப்படி எழுதச் சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூசுகிறவர்களிடம் நேரே கேட்காமல் பெட்டி எந்த ஊருக்குக் கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். காத்திருப்பவரிடம் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தோன்றினதைச் சொல்லாதீர்கள். எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்கு நடந்த கடைசிக் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து அண்ணனும் தங்கையும் கிளம்பினார்கள். அன்னம்மாள் குடையை எடுத்துக்கொண்டு கதவண்டை போய்த் திரும்பி, இரண்டு கையும் குவித்துக் கும்பிட்டு, "அப்ப வாரேம்மா" என்றாள்.

மிஸ்ஸியம்மாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"எந்த வாரேன்?"

அன்னம்மாள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திரும்ப உள்ளே வந்தாள். குடையை அறையின் மூலையில் சுவரோடு சாத்தி வைத்தாள். அது சாயாமல் நிற்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"இந்த வாரேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சாயங்கால வெயிலில் இறங்கிப் போனாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வரைக்கும் அந்தக் குடை அந்த மூலையிலேயே இருந்தது. பெருக்க வந்தவளைக்கூட மிஸ்ஸியம்மாள் அதைத் தொட விடவில்லை.